சுத்தக்காரப் பேரனுக்கு

வா கண்ணு, உக்காரு. அந்த லேப்டாப்பை மூடி வை, அதுவும் சித்த மூச்சு விடட்டும். நீ இந்தத் திண்ணையில உக்காந்து போன்ல சண்டை போடறதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதிக் கெர்னல் பாடமாயிருச்சு. "பழைய இன்டர்ஃபேஸ் அசிங்கம், அத்தனையும் இடிச்சுட்டுப் புதுசா எழுதோணும்"னு நேத்து ராத்திரி கத்துனியே, நம்ம ஊட்டைத்தான் இடிக்கச் சொல்றயோன்னு உன்ற பாட்டி பதறி எந்திரிச்சுட்டா.

இடிக்கறது பாவம்னு நான் சொல்லலை. கடப்பாரை எடுக்கறவன் கரணையும் எடுத்துட்டு வந்தானான்னுதான் கேக்கறேன்.

லினக்ஸ்காரங்களைப் பாரு. ஊட்டுக்குள்ள அடுப்படியை எந்த மூலைக்கு வேணும்னாலும் மாத்திக்குவாங்க. வாசப்படியை ஒரு விரக்கடை நகத்த விடமாட்டாங்க. யூசர் புரோகிராமெல்லாம் வந்து போற சிஸ்டம் கால்தான் அந்த வாசல். அதை ஒடைச்சுட்டு, லினக்ஸை உண்டாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ்கிட்ட நல்ல பேரு வாங்கினவன் இல்லை. ஆனா டிரைவர்கள் உள்ளுக்குள்ள பேசற இன்டர்ஃபேஸ் நாளைக்கும் இதேதான்னு ஆருக்கும் வாக்குக் குடுக்கறதில்லை. கெர்னலைப் பராமரிக்கறவங்கள்ல ஒருத்தரான கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் இதை ஒரு ஆவணமாவே எழுதிக் கெர்னலோட சேத்து வெச்சிருக்கார். யூஎஸ்பி பகுதியை மூணு தடவைக்குக் கொறையாமத் திருப்பி எழுதினதையும் அதுல சொல்றார்.

பாரு, மூஞ்சி மலருது! பொறு, மிச்சத்தையும் கேளு. இன்டர்ஃபேஸை எவன் மாத்தறானோ, கெர்னலுக்குள்ள அதை நம்பிக் கெடக்கற டிரைவர் அத்தனையையும் அவனேதான் திருத்திக் குடுக்கோணும். எவனோ எப்பவோ எழுதிட்டுப் போன டிரைவரு. அந்தக் கார்டு உன்கிட்ட இருக்காது, வெச்சிருக்கறவனும் அகப்பட மாட்டான். கம்பைல் ஆயிருச்சு, அதனால ஓடும்னு சாமியைக் கும்பிட்டுட்டு அனுப்போணும். இதுக்குத் தெம்பிருக்கா உனக்கு? டிரைவரைக் கெர்னலுக்குள்ள குடுக்காமத் தனியா வெச்சிருக்கற கம்பெனிக்காரன் பாடு இன்னும் மோசம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பொலம்பிட்டே திருத்தோணும். "உள்ள குடுத்திருந்தா நாங்களே பாத்திருப்போமே"ங்கறாங்க. நியாயந்தான், கொஞ்சம் குசும்பும் இருக்குது.

மைக்ரோசாஃப்டும் உன்னாட்டம் ஒருக்கா சுத்தம் பண்ணக் கெளம்புச்சு. 2007-ல கடைக்கு வந்த விஸ்டா. அதுக்கு முன்னால படக்கார்டு டிரைவர் தடுக்கி விழுந்தா மெஷினே நீலத்திரையில போய் நிக்கும். டிரைவர்ல பெரும்பகுதியைக் கெர்னலுக்கு வெளிய தள்ளி, விழுந்தாலும் எந்திரிக்கற மாதிரிப் பண்ணினாங்க. சவுண்டுக்கும் புது ஏற்பாடு. வேலையில நான் குத்தம் சொல்லமாட்டேன். இன்னைக்கு விண்டோஸ் 11 படங்காட்டறதும் டபிள்யூடிடிஎம்ங்கற அந்தப் படக்கார்டு ஏற்பாட்டு வழியிலதான். ஆனா எக்ஸ்பியில ஒழுங்கா ஓடின பிரிண்டரும் ஸ்கேனரும் பல பேரு ஊட்டுல ஊமையாப் போச்சே, அதுக்கு டிரைவர் எழுத வேண்டியது ஆரு? பிரிண்டர் கம்பெனிக்காரன். பழைய பிரிண்டருக்கு மறுபடி மெனக்கெடறதுல அவனுக்கு என்ன லாபம்? புதுசு ஒண்ணை விக்கலாமே! சுத்தம் பண்ணினது ஒருத்தன், கூலி குடுத்தது இன்னொருத்தன், திட்டு வாங்கினது விஸ்டா. 2009-ல கிட்டத்தட்ட அதே அஸ்திவாரத்துல விண்டோஸ் 7 வந்துச்சு; டிரைவரெல்லாம் அதுக்குள்ள தயாராயிருந்ததால பாராட்டு பூரா அதுக்குப் போச்சு.

அப்பறம் ஒண்ணையுமே ஒடைக்காம இருந்துக்கலாமான்னு கேப்பே. அந்தக் கூத்தையும் கேட்டுக்கோ. 8088 சில்லுக்கு மொகவரிக் கம்பி 20. ஒரு மெகாபைட்டைத் தாண்டினாத் திரும்பவும் பூஜ்யத்துக்கே சுத்தி வந்துரும். சில புரோகிராமுங்க அந்தச் சுத்தலையே நம்பிப் பொழச்சுட்டிருந்துச்சு. 1984-ல ஐபிஎம், பிசி ஏடியைக் கொண்டு வந்துச்சு. அதுல இருந்த 80286-க்குக் கம்பி 24, சுத்தல் நின்னு போச்சு. பழசு ஓடோணுமேன்னு ஏ20-ங்கற 21-ஆவது கம்பியை அடைக்க ஒரு அடைப்பு வெச்சாங்க. அதைத் தொறந்து மூடற வேலையை ஆருகிட்டக் குடுத்தாங்க தெரியுமா? கீபோர்டு கண்ட்ரோலர்கிட்ட! அங்கதான் ஒரு பின் சும்மா கெடந்துச்சாம். மெமரிக்கு வழி விடச் சொல்லிக் கீபோர்டுச் சில்லைக் கெஞ்சற பொழப்பு. இன்னைக்கும் லினக்ஸ் பூட் கோடுல ஏ20-க்குன்னே ஒரு ஃபைல் இருக்குது.

பக்குவமாச் செஞ்சதும் உண்டு. லினக்ஸ்ல டிஸ்குக்கு லிபாட்டான்னு புது டிரைவர் ஏற்பாடு வந்த கையோட பழைய ஐடிஇ டிரைவரை வெட்டிப்போடலை. ரெண்டும் வருசக்கணக்கா ஒட்டுக்காக் கெடந்துச்சு, 2021-ல, 5.14 வெளியீட்டுலதான் பழசைத் தூக்கினாங்க. அத்தனை பதனமா இருந்தும் நடுவுல ஒரு எடறல்: லிபாட்டாவுக்கு மாறினதும் எச்டிஏ-ன்னு இருந்த டிஸ்க் எஸ்டிஏ ஆயிருச்சு. பழைய பேரை அப்படியே எழுதி வெச்சிருந்தவன் மெஷின் பூட் ஆகாம முழிச்சுது. யூயூஐடியும் லேபிளும் போட்டு எழுதற பழக்கம் அதுக்கப்பறந்தான் நல்லாப் பரவுச்சு. உள்வேலைன்னு நீ நெனைக்கறது எந்தச் சந்துல வாசலுக்கு வந்து நிக்கும்னு முன்கூட்டியே தெரியாது, கண்ணு.

இப்ப உன்ற பேட்ச்சுக்கு வருவோம். அதுல ஒரு பழைய ஐஆக்டில் எண்ணைத் தூக்கிட்டேன்னு போன்ல பெருமையடிச்சியே, யூசர் புரோகிராம் கூப்பிடற அதுவும் வாசல்தான், அதை இருந்த எடத்துல வை. அந்த எண்ணை நம்பி எந்த ஊரு ஆஸ்பத்திரியில எந்த மெஷின் ஓடுதோ, உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உள்ள இருக்கற ஸ்ட்ரக்ட்டை வெட்டறதுன்னா வெட்டு, ஆனா மொதல்ல கிரெப் போட்டு எத்தனை டிரைவர் அதைத் தொடுதுன்னு எண்ணு. அத்தனையையும் திருத்த மனசிருந்தா இன்னைக்கே ஆரம்பி. இல்லைன்னா அந்த அசிங்கத்துக்கு மேல, அது ஏன் அங்க இருக்குதுன்னு ரெண்டு வரி கமென்ட் எழுதிட்டுச் சாப்பிட வா.