ஒரு நிமிஷம் பிரதர்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் நம் பக்கத்து சீட் காலியாக இருந்தால், அதில் யார் வந்து இருப்பார் என்பது அவரவர் தலையெழுத்து. பல நாள் மீன் வாளி. சில நாள் பிரதர்.

பிரதரை ஏறும்போதே கண்டுபிடித்துவிடலாம். கழுத்துப் பொத்தான் வரை பூட்டிய வெள்ளை முழுக்கைச் சட்டை, சிப் போட்ட உறைக்குள் வேதாகமம், பையின் முன்பக்கத்தில் கைப்பிரதிகள். ஏறியதும் இருந்துவிட மாட்டார். பஸ்ஸை ஒரு பார்வை பார்ப்பார். தூங்குகிறவர், போனில் சண்டை பிடிக்கிறவர், பிள்ளையோடு மல்லுக்கட்டுகிறவர் எல்லாரையும் தள்ளிவிட்டு, ஜன்னலோரம் சும்மா இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். சும்மா இருப்பது எனக்குக் கைவந்த கலை.

“ஒரு நிமிஷம் தருவீங்களா தம்பி?”

அந்த நிமிஷம் சாய்ந்தமருதில் தொடங்கி, காரைதீவைத் தாண்டி, நிந்தவூரிலும் முடியாது. பேச்சை நாம் எங்கே தொடங்கினாலும் அவர் கொண்டுபோய் இறக்கும் இடம் ஒன்றுதான். வெயில் என்று வாய் திறந்தால் நரகம். டீசல் விலை என்றால் கடைசிக் காலம். ஒருநாள் காலநிலை, அரசியல் இரண்டையும் விட்டு கிரிக்கெட்டில் தப்பிக்கப் பார்த்தேன். இலங்கை அணியின் நிலையே மனந்திரும்புதலுக்கு வழி திறந்துவிட்டது.

அவருடைய கஷ்டம் என்னவென்றால், அவர் கற்று வந்த பாடம் இயேசுவை அறியாதவர்களுக்கானது. எங்கள் ஊரான பாலமுனையில் அப்படி ஓர் ஆளைத் தேடிப் பிடிப்பது கடினம். முன் சீட்டில் இருந்த எங்கள் ஊர்ப் பெரியவரிடம் ஒருமுறை, “காக்கா, இயேசுவைத் தெரியுமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“ஈஸா நபிதானே? மர்யம் அலைஹஸ்ஸலாத்துட மகன். தகப்பன் இல்லாமப் பொறந்தவங்க. கியாமத்துக்கு முன்னுக்குத் திரும்பியும் வருவாங்க. நீங்க எந்த ஊரு தம்பி?”

கடைசியில் உடைப்பதற்கென்று பொத்தி வைத்திருந்த இரண்டாம் வருகையைப் பெரியவர் முதல் மூச்சிலேயே சொல்லிவிட்டார். சிலுவையில்தான் இருவரும் பிரிவார்கள்; அந்த இடம் வருவதற்குள் பெரியவரின் தரிப்பிடம் வந்துவிட்டது.

இன்னொரு நாள் விதைப்பவன் உவமையை எடுத்தார். வேறு ஊராக இருந்தால் பலித்திருக்கும். பஸ்ஸில் பாதிப் பேர் வெள்ளாமைக்காரர். விதை வழியோரம் விழுந்தது, கல்லில் விழுந்தது, முள்ளுக்குள் விழுந்தது என்று அவர் உருகிக்கொண்டிருக்க, பின்னாலிருந்து ஒரு குரல்: “விதை நெல்லு விக்கிற விலைக்கு அந்தாள் ஏன் றோட்டுல கொட்டினாரு?” இன்னொருவர், “வரம்பு தெரியாத ஆளு போல” என்றார். நல்ல நிலத்தில் விழுந்தது நூறு மடங்கு விளைந்தது என்றதும் பஸ் மௌனமானது. கர்த்தர் தொட்டுவிட்டார் என்று பிரதர் நினைத்திருப்பார். “அது என்ன இனம் பிரதர்? நம்மட வட்டைக்குச் சரிவருமா?” என்றார் ஒரு விவசாயி, உண்மையான தாகத்தோடு.

இந்தக் கரைக்கு நற்செய்தி கொண்டுவந்தவர்களில் பிரதர் கடைசி ஆள். 1814இல் மெதடிஸ்த மிஷனின் வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்திறங்கி, பள்ளிக்கூடங்கள் திறந்து, அடுத்த ஏப்ரலுக்குள் அங்கேயே இறந்தும் போனார். அவருக்குப் பின் வந்தவர்களும் பாடசாலை கட்டினார்கள். மிஷன் பாடசாலையில் படித்து, யோனாவின் கதையைப் பிசகாமல் சொல்லிவிட்டு நேராக அஸர் தொழப் போகும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பாடசாலை நிலைத்தது என்று கணக்கு எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஆஸ்பத்திரியில் யார் கிடந்தாலும் முதலில் பழப் பையோடு வருகிறவர் பிரதர்தான். கட்டிலின் ஒரு பக்கம் பிரதர் கண்ணை மூடி ஜெபிப்பார். மறு பக்கம் நோயாளியின் உம்மா, எதற்கும் இருக்கட்டும் என்று ஆயத்துல் குர்ஸி ஓதுவார். நோயாளிக்கு இரட்டைக் காவல்.

2019இல் உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஐந்து நாள் கழித்து சாய்ந்தமருதிலும் வெடித்தது. அதன்பின் இந்த பஸ்ஸில் யாரும் யாரிடமும் மார்க்கம் பேசவில்லை. பிரதரின் பை நெடுநாள் மூடியே கிடந்தது. பிறகு ஒருநாள் அவர் பழையபடி “ஒரு நிமிஷம்” என்றபோது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி நிந்தவூர் வரைதான் தாங்கியது என்பது வேறு கதை.

பிரதருக்குச் சரியான ஜோடி எங்கள் ஊரிலேயே இருக்கிறார்: தப்லீக் காக்கா. மௌலானா இல்யாஸ் 1920களில் மேவாத்தில் தொடங்கிய வேலையைப் பாலமுனையின் குறுக்கு வீதிகளில் முடித்துவைப்பது என்று கங்கணம் கட்டியவர். அஸருக்குப் பிறகு அவருடைய ஜமாஅத் வீதிக்குள் நுழைந்தால், அத்தனை வீட்டு ஆண்களும் ஒரே நேரத்தில் குளிக்கப் போய்விடுவார்கள். மூன்று நாள், நாற்பது நாள், நாலு மாதம் என்று பெயர் எழுத அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கொப்பி.

ஒருநாள் எனக்கு அக்கரைப்பற்றில் வேலை. நிந்தவூரில் மூன்று நாள் முடித்துவிட்டுப் படுக்கைச் சுருளோடு ஏறிய காக்கா, நேராகப் போய் பிரதரின் பக்கத்தில் இருந்தார்.

“ஒரு நிமிஷம்...” என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

அதன்பின் நடந்தது பேச்சல்ல. ஒருவர் மூச்சு விடும் இடத்தில் மற்றவர் நுழைந்துகொண்டிருந்தார். மௌத்து நிச்சயம் என்றார் காக்கா. ஆமென் என்றார் பிரதர். பெடியன்கள் போனில் கெட்டுப் போகிறார்கள், சீதனம் கூடாது, குடி கூடாது. எல்லாவற்றிலும் ஒத்துப்போனதில் இருவருக்கும் லேசான கவலை வந்ததை நான் கண்டேன். காக்கா கொப்பியை எடுத்துப் பிரதரின் பெயரை எழுதினார். பிரதர் தன் ஜெபக் குறிப்பில் காக்காவின் பெயரை எழுதினார். ஆளுக்கொரு வெற்றிப் புன்னகை. ஒலுவில் போனது. பாலமுனை வந்தது, நின்றது, அதுவும் போனது.

கொண்டக்டர் வந்து காக்காவின் தோளைத் தட்டினார். “காக்கா, நீங்க டிக்கட் எடுத்தது பாலமுனைக்கு. இது அட்டாளைச்சேன. மிச்சக் காசத் தாங்க.”

“ஒரு நிமிஷம் தம்பி” என்றார் காக்கா, திரும்பாமலே.