பிடிஎஃப் புணரியல்

எழுத்தோடு எழுத்து புணர்வதற்குத் தமிழில் இலக்கணம் உண்டு. சொல்லோடு சொல் புணர்வதற்கும் உண்டு. பிடிஎஃபோடு பிடிஎஃப் புணர்வதற்கு இதுவரை எவரும் இலக்கணம் செய்யாதது ஆய்வுலகின் பெருங்குறை. (எல்லா ஆய்வேடும் ஒரு பெருங்குறையைக் கண்டுபிடித்தே தொடங்குகிறது. மரபை மீறும் துணிவு எனக்கில்லை.)

ஆய்வுக்களம், என் மகளின் கல்லூரி விண்ணப்பம். மூலங்கள் பதினொன்று: மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்று, ஆதார் முதலாயின. ‘அனைத்தையும் ஒரே பிடிஎஃபாக, 2 எம்பிக்கு மிகாமல் பதிவேற்றவும்’ என்பது மூல நூற்பா. யாத்தவர் பெயர் தெரியவில்லை. எதற்கெடுத்தாலும் சிவப்பு எழுத்தில் பதில் வருவதால் கோபக்காரர் என்று துணியலாம்.

பிடிஎஃபின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடே இல்லை என்பது ஆய்வாளருக்குப் பெரும் ஏமாற்றம். 1991இல் ஜான் வார்னாக் எழுதிய ‘கேமலாட்’ குறிப்பில் கருக்கொண்டது. 1993இல் அடோபி வெளியிட்டது. 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற பன்னாட்டுத் தரமானது. சங்க காலத்துக்குக் கொண்டுபோக ஒரு மாலை முழுக்க முயன்றேன். ஆகவில்லை.

இனிப் புணர்ச்சி. இயல்புப் புணர்ச்சி என்பது நிலைக்கோப்பும் வருகோப்பும் ஒரு மாற்றமுமின்றிச் சேர்தல். எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை.

விகாரம் மூன்று. தோன்றல், திரிதல், கெடுதல் என்று நன்னூலார் வகுத்தபோது ஸ்கேனர் கிடையாது. ஆனாலும் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். ஒரு பக்கம் மட்டும் அச்சான தாளை இருபக்க ஸ்கேனில் விட்டால் நடுவே வெள்ளைப் பக்கம் முளைப்பது தோன்றல். சான்றிதழ் ஒருக்களித்துப் படுத்துக்கொள்வது திரிதல். பக்கத்தைத் திருப்பும் கோணம் 90இன் மடங்காகவே இருக்கவேண்டும் என்பது பிடிஎஃபின் விதி. ஆகவே அது படுக்கலாம், தலைகீழாக நிற்கலாம்; சாய்ந்து உட்கார முடியாது. கெடுதலுக்குச் சாதிச் சான்று சான்று. மின்கையொப்பம் தனிக்கோப்பில் செல்லும். பிறவற்றோடு சேர்த்ததும் சரிபார்க்க முடியாத வெறும் படமாகிவிடும். மெய் நிற்க உயிர் கெட்டது என்க.

‘இரண்டு ஃபைலை அப்படியே ஒன்றின் வாலில் ஒன்றாக ஒட்டினால் என்ன?’ என்பாரும் உளர். ஒட்டலாம். ஆனால் பிடிஎஃப் படிக்கும் செயலி முதலில் பார்ப்பது கோப்பின் கடைசியை. எந்தப் பொருள் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணைக்கு வழி அங்கேதான் இருக்கிறது. எனவே ஒட்டியதில் பெரும்பாலும் பின்னது மட்டுமே தெரியும், முன்னது உள்ளே இருந்தும் இல்லாததாகும். முடிவுரையை மட்டும் புரட்டிவிட்டு வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளர் மரபு இதிலிருந்து கிளைத்ததா, இது அதிலிருந்து கிளைத்ததா என்பது மேலாய்வுக்குரியது.

வரிசை பற்றியும் சொல்லவேண்டும். 1, 2, 3 என்று பெயரிட்டுக் கொடுத்தேன். செயலி 1, 10, 11, 2 என்று அடுக்கியது. அது எண்ணை எண்ணாகப் பார்க்கவில்லை, எழுத்தாகப் பார்த்தது, அகராதிக்காரர் வழி. 01, 02 என்று பூச்சியம் போட்டால் தீரும். ஆய்வேடுகளைத் திரட்டும் சோத்கங்கா தளத்தில் கோப்புகள் இப்படித்தான் பூச்சியத்தோடு, இயல் வாரியாகத் தனித்தனியே நிற்கின்றன. இயல்களை ஒரே ஏடாகச் சேர்க்க மூன்று நாள் திண்டாடிய ஆய்வாளர், பட்டம் வாங்கியதும் அதையே மறுபடி பிரித்துக்கொடுக்கிறார். இதற்குப் பெயர்தான் பகுப்பாய்வு.

1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பல ஏட்டுப் பிரதிகளைத் தேடி, படித்து, ஒப்பிட்டார். இன்றைய கருத்தரங்கக் கட்டுரைத் தொகுப்பின் பதிப்பாசிரியர்களில் சிலர் மின்னஞ்சலில் வந்த நாற்பது ஃபைல்களைத் தேர்ந்து, ‘இணை’ என்ற பொத்தானை அழுத்துகிறார்கள். அட்டையில் பெயர் வந்துவிடுகிறது. ஐஎஸ்பிஎன்னும் உண்டு.

இப்போது விரலுக்கு வருவோம்.

இணைத்த கோப்பின் எட்டாம் பக்கம், மாற்றுச் சான்றிதழ். போனில் படம் பிடித்தது. அதன் இடக்கீழ் மூலையில் ஒரு கட்டைவிரல். முழு விரல் அன்று. முதல் கணு வரை. நகத்தின் நுனியில் மட்டும் செம்மை, அடிப்பாதி வெளிறியது. அது பழைய மருதாணி, எனவே விரல் மகளுடையது என்பது முதல் கொள்கை (மனைவி, கூடத்து உரை, துணி மடிக்கும் படலம்). மருதாணி அன்று, மாவடு ஊறுகாய், எனவே விரல் என்னுடையது என்பது மறுப்பு (மாமியார், சமையலறை வாய்மொழி, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்டது, நான்காம் விசிலுக்குப் பிந்தைய பகுதி சிதைந்துள்ளது). ரேகை தேய்ந்திருக்கிறது, தாள் எண்ணி எண்ணித் தேய்ந்த விரல் அது, ஆகவே தொழில்முறை விரல் என்று மூன்றாம் கொள்கை ஒன்றும் உண்டு (தெருமுனை ஜெராக்ஸ் கடை அண்ணன், கல்லாப்பெட்டி விருத்தியுரை, சில்லறையில்லாச் சருக்கம், அதே கடையில் அவர் தம்பி இருந்த ஞாயிற்றுக்கிழமை இதற்குப் பாடபேதம் கிடைத்தது: “அது விரலே இல்ல சார், நிழல்”). நிழற்கொள்கையை ஏற்பதற்கில்லை. நிழலுக்கு நகம் ஏது?

நான் என் கட்டைவிரலைத் திரையில் வைத்து ஒப்பிட்டேன். 200 விழுக்காடு பெரிதாக்கினால் என் விரல் சிறிதாக இருந்தது. 50க்குக் குறைத்தால் பெரிதாக இருந்தது. இரு முடிவுகளையும் தனித்தனிக் கட்டுரைகளாக வெளியிடலாம்.

“அப்பா, அது யார் கைன்னு யாருக்குப்பா வேணும்? சப்மிட் பண்ணுங்க, இன்னைக்குத்தான் கடைசி நாள்” என்றாள் ஆய்வு நெறி அறியாத மகள்.

கோப்பு 2.3 எம்பி இருந்தது. சுருக்கினேன், 1.9 ஆயிற்று. அப்போதுதான் அந்த விரலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். தலைமையாசிரியரின் கையெழுத்து.

விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. விரலோடு.