நாலு போல்ட்டும் ஒரு காகிதமும்

விமானத்தில் உட்கார்ந்ததும் நமக்கு ஒரு பாடம் நடக்கும். பெல்ட்டை இப்படி மாட்டு, இப்படி இறுக்கு, விளக்கு அணையும்வரை கழற்றாதே. பணிப்பெண் இரண்டு கையாலும் செய்து காட்டுவார். ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்தால் முறைப்பார். சரி, நாம் மாட்ட வேண்டியதை மாட்டிவிட்டோம். போயிங் கம்பெனி மாட்ட வேண்டியதை அவர்களுக்கு யார் செய்து காட்டுவது?

2024 ஜனவரி 5. போர்ட்லாண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ் 9. சுமார் 15,000 அடி உயரத்தில், கதவு வரவேண்டிய இடத்தை மூடியிருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. உள்ளே 177 பேர். ஓட்டையை ஒட்டிய இரண்டு இருக்கைகளும் அன்று காலி. யாரும் சாகவில்லை. இதையே கம்பெனியின் பாதுகாப்புச் சாதனையாகச் சொல்ல இன்னும் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. வரும்.

அந்த அடைப்பைப் பிடித்து நிறுத்த நாலு போல்ட் வேண்டும். நாலும் இல்லை. விமானம் வாங்கிப் பத்து வாரம்கூட ஆகவில்லை.

நடந்தது இதுதான். விமானத்தின் உடற்கூடு கன்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவில், ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற கம்பெனியில் செய்யப்பட்டு, ரயிலேறி, போயிங்கின் ரென்டன் ஆலைக்கு வந்தது. வரும்போதே ஐந்து ரிவெட் சொத்தை. அவற்றைச் சரிசெய்ய அடைப்பைத் திறந்தார்கள். சரிசெய்தார்கள். மூடினார்கள். போல்ட்டை மறந்தார்கள். ஐந்தைச் சரிசெய்யப் போய் நாலைத் தொலைத்த கணக்கு.

விமான ஆலைகளில் 'டிராவல்ட் ஒர்க்' என்று ஒரு சொல் உண்டு. வேலை முடியாமலே விமானம் அடுத்த இடத்துக்கு நகரும். மிச்ச வேலை அதன் பின்னாலேயே ஓடிவரும். பட்டன் தைக்காத சட்டையை மாட்டிவிட்டு, "நீங்க நடங்க சார், பின்னாடியே வந்து தச்சிடறேன்" என்கிற டெய்லரை நாம் செருப்பால் அடிப்போம். இவர்களுக்குப் போனஸ் கொடுக்கிறார்கள்.

அந்த விச்சிட்டா ஆலை யாருடையது? போயிங்குடையதுதான். 2005-ல் விற்றார்கள். சொந்தக் கையை வெட்டி விற்று, அதே கையை வாடகைக்கு எடுத்து, வாடகையிலும் அடித்துப் பேசினார்கள். கை நடுங்குகிறது என்று 2024-ல் கண்டுபிடித்து, 470 கோடி டாலருக்கு அதைத் திரும்ப வாங்க ஒப்பந்தம் போட்டார்கள்.

யாரும் எச்சரிக்கவில்லையா? 2001-லேயே கம்பெனியின் சொந்த எஞ்சினியர் ஜான் ஹார்ட்-ஸ்மித் எழுதிக் கொடுத்தார்: வேலையை வெளியே கொடுத்தால் லாபமும் அதோடு வெளியே போகும். பலன் உடனே தெரிந்தது. அதே ஆண்டு தலைமை அலுவலகம் சியாட்டிலிலிருந்து சிகாகோவுக்கு மாறியது. எஞ்சினியர் கத்தினாலும் கேட்காத தூரம்.

நல்ல நாள் பார்ப்பது நம்மூர்ப் பைத்தியம் மட்டும்தான் என்று யார் சொன்னது? போயிங் அடுத்து வெளியே பிரித்துக் கொடுத்துச் செய்த விமானம் 787; அந்தப் பெயருக்குப் பொருத்தமாக 2007 ஜூலை 8-ஐக் குறித்தார்கள். அமெரிக்கர்கள் எழுதும் முறையில் 7/8/07. அந்த முகூர்த்தத்தில் புது விமானத்தை இழுத்து வந்து காட்டினார்கள். கைதட்டினார்கள். உள்ளே வெறும் கூடு. உரிய ஆணிகள் வந்து சேராததால் தற்காலிக ஆணிகளை அடித்துச் சமாளித்திருந்தார்கள். உலகம் முழுக்கப் பிரித்துக் கொடுத்த வேலையைக் கூட்டிச் சேர்த்து முதல் விமானத்தை ஒப்படைத்தபோது 2011 ஆகியிருந்தது.

பிறகு மேக்ஸ். 2018-ல் இந்தோனேசியாவில் ஒன்று விழுந்தது, 2019-ல் எத்தியோப்பியாவில் இன்னொன்று. செத்தவர்கள் 346 பேர்.

காசில்லாமல் கஷ்டப்பட்ட கம்பெனியா? 2013-க்கும் 2019-க்கும் நடுவில் தன் பங்குகளைத் தானே வாங்க அது கொட்டிய பணம் சுமார் 4,300 கோடி டாலர். அத்தனை சாவுக்குப் பிறகு வெளியேற்றப்பட்ட தலைவர் டென்னிஸ் முய்லன்பர்க் 6 கோடி டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டு போனார். இப்படி வெளியே கொடுத்து வாங்கும் விநியோகச் சங்கிலிக்கு 'மீள்திறன்', அதாவது அடி வாங்கினாலும் எழுந்து நிற்கும் திறன், வேண்டும் என்று மேலாண்மைப் பேராசிரியர்கள் எழுதிக் குவிக்கிறார்கள். எங்கேயோ தேடுகிறார்கள். அது முய்லன்பர்க் எடுத்துப் போன பையில் இருந்தது.

அடைப்பு பறந்த பிறகு அரசாங்கம் விழித்தது. ஆய்வு வந்தது. 89 சோதனைகளில் 33-ல் போயிங் தோற்றது என்று நியூயார்க் டைம்ஸ் எழுதியது. ஸ்பிரிட் ஆலையில் கதவின் ஓரச் சீலைச் சோதிக்க ஓட்டல் அறைச் சாவி அட்டை. சீல் வழுக்கிப் பொருந்தப் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம். இரண்டும் கைவசம் இருந்திருக்கின்றன, போல்ட்தான் இல்லை. இதே நேரத்தில், விமானத் துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு நியமித்த நிபுணர் குழு வேறொன்றைச் சொன்னது. பாதுகாப்பைப் பற்றி மேலே பேசுவதும் கீழே நடப்பதும் வேறுவேறு. குறை சொன்னால் அது யார் மேஜைக்குப் போகும், சொன்னவன் கதி என்னாகும் என்ற பயம் தொழிலாளிக்கு இருக்கிறது.

ரிவெட் சொத்தை என்று சொல்ல ஆள் இருந்தான். போல்ட் போடவில்லை என்று சொல்ல ஆள் இல்லை. சொல்பவனுக்கு என்ன கிடைக்கும் என்பது அந்த ஆலைக்குத் தெரிந்திருந்தது.

பறந்துபோன அடைப்பு ஒரு பள்ளி ஆசிரியரின் கொல்லைப்புறத்தில் கிடைத்தது. ஓட்டை வழியே உறிஞ்சிக்கொண்டு போன செல்போன் ஒன்று சாலையோரம் கிடைத்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை, அறுந்த சார்ஜர் முனை அதிலேயே செருகியிருந்தது. அடைப்பைத் திறந்தது யார், மூடியது யார் என்ற பதிவுக் காகிதத்தை மட்டும் விசாரணையாளர்கள் மாதக்கணக்கில் கேட்டுப் பார்த்தார்கள். அது தொலையவில்லை. எழுதப்படவே இல்லை.