எலுமிச்சைக்கு முன்னால் சொல்தா

புதுச்சேரியில் புதுக் கார் எடுக்கிறவர்கள் இரண்டு பேரைக் கலந்துகொள்வது வழக்கம். நல்ல நேரம் குறித்துக் கொடுக்க ஜோசியர். அந்த நல்ல நேரத்தைக் கெடுத்துக் கொடுக்க சொல்தா.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 1962-இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பம். இளமையில் ஜிபூத்தியில் காவல். இப்போது யூரோவில் பென்ஷன், சாயங்காலம் பெத்தாங்க் ஆட்டம். ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். மற்ற 364 நாளும் அடுத்தவர் வாங்குகிற பொருளில் குறை கண்டுபிடிப்பார். தெருவுக்கு ஒருவராவது இப்படி வாய்த்துவிடுகிறார்.

பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வீஸ் கஷே" என்பார். ஒளிந்திருக்கும் குறை என்று அர்த்தம். நெப்போலியன் 1804-இல் கொண்டுவந்த சிவில் சட்டத்தின் 1641-ஆம் பிரிவு அது. முன்பே தெரிந்திருந்தால் வாங்கியே இருக்க மாட்டோம் என்கிற அளவுக்குக் குறை இருந்தால் விற்றவர்தான் பொறுப்பு. மீன்காரம்மாவுக்கு நெப்போலியன் பழக்கமில்லை. "வாங்கறதுன்னா வாங்கு முசே, இல்லன்னா மீன கீழ வையி."

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, மச்சானின் கார் டெலிவரிக்கு எங்கள் தெரு சொல்தாவைக் கூட்டிப் போனோம். பட்டுத் துணி போர்த்திய கார், கேக், ஆளுயரத் தெர்மாக்கோல் சாவி. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. மச்சான் சாவியைக் கட்டிப் பிடித்து, பல்லெல்லாம் தெரிய போட்டோவுக்கு நின்றான்.

"ஸ்தோப்!"

சொல்தா பையிலிருந்து டார்ச்சையும் ஒரு ஃபிரிட்ஜ் காந்தத்தையும் எடுத்தார். காந்தம் ஐஃபெல் கோபுர வடிவம். மூன்று கதவில் கோபுரம் கம்பீரமாக நின்றது. நாலாவது கதவில் வழுக்கி விழுந்தது.

"உள்ள பட்டி பாத்திருக்காங்க. ரப்பர் பீடிங் மேல பாரு, பெயின்ட் தெறிச்சிருக்கு."

"லாரில வரும்போது லேசா உரசியிருக்கும் சார். சர்வீஸ்ல பாத்துக்கலாம். மொதல்ல வண்டிய எடுங்க" என்றார் மேனேஜர். மாமியார் கடிகாரத்தைக் காட்டினார். பத்தரைக்கு ராகுகாலம்.

சொல்தா அசையவில்லை. "பழம் நசுங்குற வரைக்கும் வண்டி அவங்களுது. நசுங்கிட்டா உன்னுது."

சிரித்தோம். ஆனால் அதில் பாதி சட்டம். 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம், பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குகிறவருக்கு நியாயமான வாய்ப்பு தருகிறது. அதன்பின் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்துக்கொண்டே இருந்தால் ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறது. வீட்டுக்கு ஓட்டிவந்த பிறகு வழக்காடுவது பெரும்பாடு. 2006-இல் ஒரு மாருதி வழக்கில், வாரண்டிப்படி பழுதான பாகத்தை மாற்றிக் கொடுத்தால் போதும், காரையே மாற்ற வேண்டியதில்லை என்றது உச்ச நீதிமன்றம். அமெரிக்காவில் பழுதான புதுக் காருக்குப் பெயரே எலுமிச்சை. அதைத் திருப்பிக் கொடுக்க 1982-இல் கனெக்டிகட் மாநிலம் தனிச் சட்டம் போட்டது. அங்கே கார்தான் எலுமிச்சை. நமக்கு எலுமிச்சை மேல்தான் கார்.

"வாயால சொன்னது காத்தோட போயிடும். வண்டி வேண்டாம்னு எழுதிக் குடு. நகல்ல சீல் வாங்கு" என்று சொல்தா சொல்லச் சொல்ல, மச்சான் எழுதினான். அவன் சிரித்த போட்டோ வண்டியை ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சி ஆகிவிடும், அழித்தால்தான் கிளம்புவேன் என்று அடம்பிடித்து, அதையும் அழிக்க வைத்தார். நசுங்காத நாலு பழத்தையும் மாமியார் முந்தானையில் முடிந்துகொண்டு வந்து ஊறுகாய் போட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து வேறு கார் வந்தது. இந்த முறை ஷோரூமில் சொல்தாவுக்குத் தனி நாற்காலி, டிகாக்ஷன் காபி. நாலு கதவிலும் கோபுரம் நின்றது. அவர் முகத்தில் லேசான ஏமாற்றம்.

கிளம்பும்போது மேனேஜர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஐயா, புதன்கிழமை சும்மா இருப்பீங்களா? எங்க மாப்பிள்ளை வேற கம்பெனி வண்டி எடுக்கிறாரு. வரும்போது அந்தக் கோபுரத்தையும் கொண்டாந்துடுங்க."