கடைசி வரிசை வாத்தியார்

திருவனந்தபுரம் தம்பானூரில் நடிப்பு மாஸ்டர் கிளாஸ் வைப்பதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும் எதிரெதிரே. வகுப்பு சகிக்கவில்லை என்றால் மாணவன் எந்தப் பக்கமும் ஓடலாம். மாணவர்கள் சகிக்கவில்லை என்றால் வாத்தியாரும் ஓடலாம். பல மெகா தொடர்களை இயக்கி, அவற்றில் அப்பாவாகவும் வில்லனாகவும் நடித்து, தலை நரைத்த ஒருவர் வருவார். இரண்டு நாள் வகுப்பு, மதியச் சாப்பாடு, முடிவில் சான்றிதழ். நோட்டீஸைப் படித்தால் நடிப்பையே போன வாரம்தான் யாரோ கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

நூறு வருஷத்துக்கு முன் இதே ஊர்ப் பையன் ஒருவனுக்கும் மாஸ்டர் கிளாஸ் நடந்தது. கட்டணம் கிடையாது. மூன்று வேளையும் சோறு. சான்றிதழை மட்டும் பிரம்பால் முதுகிலேயே எழுதிவிடுவது அந்தக் கால நாடகக் கம்பெனி வழக்கம்.

பையன் பெயர் சண்முகம். 1912இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். பிற்பாடு ஔவை சண்முகம் ஆன டி.கே.சண்முகம்தான். அப்பா கண்ணுசாமிப் பிள்ளை ஸ்திரீபார்ட் நடிகர். குடும்பத் தலைவர் சேலை கட்டி அழுதால்தான் குடும்பத்துக்குச் சோறு என்ற நிலை. 1918இல் அவர் மகன்களை அழைத்துக்கொண்டு மதுரையில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பையன்கள் கம்பெனியில் போய்ச் சேர்ந்தார். கலைத்தாகம் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும்; சம்பளமும் சாப்பாடும் என்றால் உண்மையாக இருக்கும். தம்பானூரில் ரயில் ஏறிப் போயிருக்கலாம் என்றால், அங்கே நிலையம் திறந்ததே 1931இல்தான்.

சுவாமிகள் ஏன் பையன்களைப் பிடித்தார்? பெரியவர்களோடு பட்டபாடு அப்படி. அந்நாளைய ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். ஒத்திகை என்று ஒன்று கிடையாது. மேடையில்தான் முதல் சந்திப்பு. காதலிக்க வேண்டிய இருவரும் புராணத்தில் கேள்வி கேட்டு மடக்கித் தர்க்கம் செய்வார்கள். நாயகி பதில் தெரியாமல் விழித்தால் கொட்டகையே கைதட்டும். இதில் தண்ணி போட்டுவிட்டு வரும் ராஜபார்ட்டுகள் வேறு. எழுதிக் கொடுத்த வசனத்தை எழுதியபடியே சொல்லும் நடிகன் வேண்டுமென்றால், எதிர்த்துப் பேசத் தெரியாத வயதில் பிடிக்க வேண்டும் என்ற ஞானம் இப்படித்தான் பிறந்தது.

பாடம் என்றால் உணர்ச்சி நினைவு, உள்மனப் பயணம் எல்லாம் இல்லை. கம்பெனி வீட்டில் ஆர்மோனியத்தைச் சுற்றி உட்கார்ந்து பாட்டையும் வசனத்தையும் நெட்டுருப் போட வேண்டும். அப்புறம் கத்த வேண்டும். மைக் இல்லை. கேஸ் லைட் வெளிச்சத்தில் கடைசி வரிசைக்காரனுக்கு நடிகனின் மூஞ்சியே தெரியாது. புருவத்தை உயர்த்தி அவனுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. மலிவு டிக்கெட் எடுத்தவனுக்குக் காது மட்டும்தான் பாக்கி. அதனால் நாலு கட்டை, அஞ்சு கட்டை என்று சுருதி ஏறியது. நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா புகழ் பெற்றதும் அப்படி ஏறித்தான். சுவாமிகள் பெரிய மேதை, மறுப்பில்லை. சண்முகத்துக்காக அபிமன்யு நாடகத்தை ஒரே ராத்திரியில் எழுதி முடித்தவர். ஆனால் அவருக்கும் மேலே ஒரு வாத்தியார் இருந்தார். அவர் கடைசி வரிசையில் பீடியோடு உட்கார்ந்திருந்தார்.

இந்தப் படிப்பு எப்போது முடியும் என்பதை இயற்கையே தீர்மானிக்கும். பையனுக்கு மீசை அரும்புகிற நேரத்தில் மகரக்கட்டு வந்து தொண்டை உடையும். நேற்று வரை ஊரை உருக்கிய குரல் இன்று வாசற்கதவு மாதிரி கிறீச்சிடும். ராஜபார்ட்டாக இருந்தவன் ராத்திரியோடு ராத்திரியாகச் சேவகன் ஆவான், அல்லது மூட்டை கட்டுவான். நடிகர் பி.யு.சின்னப்பாவுக்கும் அது நேர்ந்தது. மனிதர் சிலம்பம், குஸ்தி என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு திரும்பி வந்து, 1940இல் உத்தமபுத்திரனில் இரட்டை வேடம் போட்டார். எல்லாப் பையன்களும் சின்னப்பா இல்லை. மற்றவர்களில் பலர் பெயர் எந்த நூலிலும் இல்லை.

சுவாமிகள் 1922இல் புதுச்சேரியில் காலமானார். சண்முகம் சகோதரர்கள் 1925இல் பால சண்முகானந்த சபா என்று சொந்தக் கடை திறந்தார்கள். நாகர்கோவில் பையன் என்.எஸ்.கிருஷ்ணன் அதில் வந்து சேர்ந்தார். அடி வாங்கியவர்கள் முதலாளி ஆனதும் பிரம்பை முறித்துப் போட்டார்கள் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

இதற்கிடையே அகஸ்தீஸ்வரத்து ஜே.சி.டேனியலுக்குச் சினிமா ஆசை வந்தது. பிற்பாடு பல் வைத்தியம் பார்த்தவர். சென்னை ஸ்டூடியோக்காரர்கள் உள்ளே விடவில்லை. பம்பாய்க்குப் போய், ‘நான் ஒரு வாத்தியார், பிள்ளைகளுக்குச் சினிமா பற்றிப் பாடம் நடத்த வேண்டும்’ என்று புளுகி உள்ளே நுழைந்து தொழிலைப் பார்த்துக்கொண்டாராம். மலையாள சினிமாவின் முதல் நடிப்புப் பயிற்சி, ஸ்டூடியோ வாசலில் அவர் நடித்த அந்த வாத்தியார் வேடம்தான். நிலத்தை விற்று ‘விகதகுமாரன்’ என்ற படத்தை எடுத்தார். அது திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் ஓடியது 1928 என்று ஒரு கட்சி, 1930 என்று ஒரு கட்சி.

நாயகி பி.கே.ரோஸி, தமிழும் மலையாளமும் கலந்து ஆடும் காக்காரிசி நாடகத்தில் தேறியவர். ஊமைப்படம், கத்த வேண்டியதில்லை. ஆனால் தலித் பெண் நாயர் பெண்ணாக நடித்ததைப் பார்த்து, நடிப்பு என்றால் என்னவென்றே தெரியாத கனவான்கள் திரையில் கல்லெறிந்தார்கள். அவர் ஊரை விட்டே ஓடி நாகர்கோவில் பக்கம் ராஜம்மாளாக வாழ்ந்தார். இரண்டாவது படம் கிடையாது. நடிப்பு கண்ணில் படாத அந்தக் கொட்டகையில் முன்வரிசையும் கடைசி வரிசைதான்.

பிறகு மைக் வந்தது, சினிமா பேசியது, டிவி வந்து க்ளோஸப் கொடுத்தது. புருவத்துக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தோம். மெகா தொடர் வந்து மண்ணைப் போட்டது. தொடர் நடிகர் எதையும் நெட்டுருப் போட வேண்டாம். கேமராவுக்குப் பின்னால் நின்று உதவி இயக்குநர் படிப்பார். ‘உங்களை மன்னிக்கவே மாட்டேன் அத்தை’ என்று அவர் செய்தி வாசிக்கிற குரலில் சொன்னதை இவர் அழுதுகொண்டே திருப்பிச் சொல்வார். குரலை டப்பிங்கில் வேறொருவர் கொடுப்பார். நாலு மணி நேர நாடகத்தைத் தலையில் சுமந்த பையன்களின் வாரிசுக்கு இப்போது வேண்டியதெல்லாம் கூர்மையான காது.

அப்படியானால் ஒரே முகத்தை மூன்று தரம் ஏன் இழுத்து இழுத்துக் காட்டுகிறார்கள், இடி ஏன் இடிக்கிறது, வில்லி தன் திட்டத்தை ஏன் தனியாக நின்று உரக்கச் சொல்கிறாள் என்று கிண்டல் செய்யலாம். தம்பானூர் நோட்டீஸில் இருக்கும் மூத்த கலைஞருக்குக் காரணம் தெரியும். அவருடைய கடைசி வரிசை இப்போது அடுக்களையில் இருக்கிறது. டிவிக்கு முதுகைக் காட்டியபடி வெண்டைக்காய் நறுக்குகிறது. அதற்கும் காது மட்டும்தான் பாக்கி. தொண்டையைக் காப்பாற்ற மைக் வந்தது. வந்த சுருக்கில் மிக்ஸியும் வந்துவிட்டது.