கட்டம் கட்டமாய் ஒரு கதாநாயகி

நூறு மெகாபிட் இணைப்புக்குத் தவறாமல் பணம் கட்டியும், டிவியில் மாட்டிய ஆண்ட்ராய்டு பெட்டியில் கதாநாயகியின் முகம் கட்டம் கட்டமாகவே தெரிகிறதே, ஏன் ஐயா?

அவ்வம்மையார் கட்டம் கட்டமாகப் பிரசன்னமாகும் அந்தச் சுபவேளையில், தங்கள் சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்பு குழம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்ததா? பழைய வைஃபையும் அவ்வடுப்பும் ஏறக்குறைய 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில் சஞ்சரிப்பவையாதலால், குழம்பு கொதிக்கக் கொதிக்கப் படம் குழம்புவது இயற்கையே. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள், அன்றேல் ரௌட்டரிலிருந்து கம்பியே இழுத்துவிடுங்கள். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பது 15 மெகாபிட்தான். மீதிக்குத் தாங்கள் கட்டுவது தர்மக் கணக்கு.

அப்பொழுதும் தெளியாவிட்டால் பெட்டியின் ஜாதகத்தைப் பாருங்கள்: வைட்வைன் எல்1 என்னும் நகல்தடுப்பு அத்தாட்சி பெறாத மலிவுப் பெட்டிக்கு, எத்தனை மெகாபிட் வந்து குவிந்தாலும், நெட்ஃபிளிக்ஸில் ஹெச்டி தரிசனம் பிராப்தமில்லை.