வெண்டைச் செடியே முதலாளி: கோடைத் தோட்ட நிர்வாகம் குறித்து ஓர் ஆய்வு

முக்கால் ஏக்கர் காய்கறித் தோட்டத்துக்கு முதலாளி யார் என்று கேட்டால், வருவாய்த்துறை பட்டா, சிட்டா, அடங்கல் என்று மூன்று தாள்களை நீட்டும். முதலிரண்டிலும் மனிதர் பெயர் மட்டுமே இருக்கும். அடங்கலில் பயிருக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருப்பார்கள். அரசுக்கு உள்ளூர ஏதோ சந்தேகம் இருந்திருக்கிறது என்பதற்கு அந்தக் கட்டமே சான்று. நிலம் யாருடையது என்பது வேறு, நிர்வாகம் யாருடையது என்பது வேறு. யார் சொல்லி யார் விடியலில் எழுந்திருக்கிறார் என்று பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கையில், பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை ஒட்டன்சத்திரம் வட்டாரத்துச் சிறு தோட்டங்களை நடத்துவது வெண்டைச் செடிதான் என்பது இக்கட்டுரையின் துணிபு.

மாசியில் ஊன்றிய விதை ஏறக்குறைய 45 நாளில் காய்ப்புக்கு வருகிறது. அதுவரை விவசாயி சுதந்திர மனிதர். கல்யாண வீட்டில் இரண்டு நாள் தங்கக்கூடச் செய்வார். நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த மஞ்சள் பூ காலையில் விரிந்து சாயங்காலம் வாடுகிறது. அதிலிருந்து நான்கைந்து நாளில் காய் பறிப்புக்குத் தயார். அதன்பின் ஒன்றுவிட்டு ஒரு நாள் வேலைக்கு ஆஜராக வேண்டும். ஞாயிறு, அமாவாசை, சித்திரைத் திருவிழா எதுவும் விடுமுறையல்ல. சீருடையும் உண்டு: பழைய முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, கையில் துணி உறை. செடியிலும் காயிலும் சுணை இருக்கிறது. வேர்வையில் அது பட்டால் முழங்கை வரை அரிக்கும். காயோ இலையின் நிறத்திலேயே இலைக்கடியில் நிற்கும். குனிந்து, இலையை விலக்கி, காம்போடு கிள்ளிக்கொண்டு அடுத்த செடிக்குப் போனவர் கண்ணுக்குத் தப்பிய ஒரு காய், அடுத்த முறை ஒரு சாண் நீளத்துக்கு முற்றி நின்று அவருடைய கவனக்குறைவைப் பாத்தி முழுக்க அறிவிக்கும். இதைவிடக் கறாரான மேற்பார்வையை எந்த அலுவலகத்திலும் காண்பது அரிது.

மற்றக் காய்களுக்கும் இந்த அதிகாரம் உண்டே என்பர் சிலர். இல்லை. கத்திரிக்காய் இரண்டு நாள் பொறுக்கும். தக்காளியைச் செங்காயாகப் பறித்துப் பழுக்க விடலாம். மிளகாய் பழுத்தாலும் காயவைத்தால் வற்றல், அதற்கும் விலை உண்டு. பூசணி மாதக்கணக்கில் மூலையில் உட்கார்ந்திருக்கும். புடலையின் கதை இன்னும் பரிதாபம். நேராக வளர்வதற்காக அதன் நுனியில் கல்லைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள், அதுவும் வாய் திறக்காமல் தொங்குகிறது. வெண்டைக்குக் கல் கட்டத் துணிந்தவர் எவருமில்லை.

வலுவான மறுப்பு வேறொன்று: விலை விழுந்தால் விவசாயி பறிக்காமல் விட்டுவிடலாமே, அப்போது யார் முதலாளி? சித்திரையில் வரத்து கூடி, மண்டியில் கிடைப்பது பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் காணாத நாட்கள் உண்டு என்பது மெய்யே. ஆனால் காயைச் செடியிலேயே முற்றவிட்டால், செடி தன் சத்தையெல்லாம் விதைக்குத் திருப்பிவிடும், பூப்பது குறையும். அடுத்த வாரம் விலை ஏறும்போது செடியில் காய் இராது. ஆகவே நட்டம் என்று தெரிந்தும் பறித்து, மாட்டுக்குப் போட்டாவது பறித்து, செடியின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கைக்காசு போட்டு வேலை பார்ப்பவரை முதலாளி என்று அழைக்கும் வழக்கம் காய்கறித் தோட்டத்தில் மட்டுமே உண்டு.

த்ரீ பேஸ் கரண்ட் வரும் நேரம்தான் விவசாயியை எழுப்புகிறது, எனவே மின்வாரியமே முதலாளி என்ற வாதத்தை நீட்டிப் பேச அவசியமில்லை. மோட்டார் ஓடாவிட்டால் மறுநாள் தண்ணீர் கட்டிக்கொள்ளலாம். காய் மறுநாளுக்குள் முற்றிவிடும்.

தாவரவியலாரும் இந்தச் செடியை அடக்கப் பார்த்திருக்கிறார்கள். 1753-இல் லின்னேயஸ் அதைச் செம்பருத்தியோடு ஒரே பேரினத்தில் சேர்த்தார். 1794-இல் மோன்ச் என்பவர் வேறொன்றுக்கு மாற்றினார். துறை மாறியதால் அதன் போக்கு மாறியதாகத் தகவல் இல்லை. வெண்டைக்காய் தின்றால் கணக்கு நன்றாக வரும் என்று வீடுதோறும் பிள்ளைகளுக்குச் சொல்லும் கோட்பாட்டையும் இங்கே பரிசீலிக்க வேண்டும். அது உண்மையானால், பறிப்பு நாளெல்லாம் மிஞ்சிய காயைத் தின்னும் குடும்பம் உட்கார்ந்து கணக்குப் போட்டு, மறு ஆண்டே வேறு பயிருக்குப் போயிருக்கும். மாசி பிறந்ததும் திரும்பவும் வெண்டை விதைதான் வாங்குகிறார்கள்.

கடைசியாக, நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கும் நுகர்வோரே எல்லோருக்கும் மேலான முதலாளி என்று சொல்லக்கூடும். அவர் விரல் பட்டு ‘டக்’கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல்; அந்த ஒரு சோதனைக்காகத்தான் இத்தனை விடியல்களும். ஆனால் பிடிக்காவிட்டால் அவர் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு போய்விடலாம். அந்த வசதி பாத்தியில் குனிந்திருப்பவருக்கு இல்லை. எனவே நுகர்வோர் வெறும் தேர்வாளர். அவருக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. சோதனையில் தேறிய காயைக் கூடையில் திரும்பப் போடாமல், நுனி ஒடிந்தபடியே உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.